காலிக் கோட்டை: முதுசமும் மரபுரிமையும்

தமிழ்மொழிமூல ஆசிரியர்களுக்கென நடைபெற்ற இருநாட் கருத்தரங்கொன்றிற் பங்குபற்றும் பொருட்டு இவ்வாண்டின் முற்பகுதியிற் காலிக்குச் சென்றிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டபோது என் கைப்பையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, கருத்தரங்கிற்கென எழுதிய குறிப்புக்கள். மற்றையது, கனடாவில் வாழும் என் தமையனாரின் கடிதம். எண்பதை அணுகும் வயதினரான அவர் இன்றுங் கடிதமே எழுதுவார். எங்கள் தாய்வழி வந்த நாற்சார் வீட்டை விற்றுவிடலாமா என்று அதிற் கேட்டிருந்தார்.

குறிப்புக்களைக் காலியில் வாசித்து முடித்தேன். கடிதத்திற்கு மறுமொழி எழுத இயலாது அதனை ஊருக்கே திரும்பவுங் கொண்டுவந்தேன். என் குடும்பக் கதையை நேயர்களிடம் ஒப்புவிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. காலிக் கோட்டையில் இன்று நடைபெற்றுவரும் ஒரு மாற்றத்தை விளங்கிக்கொள்ள அக்கடிதம் எனக்கு உதவிற்று; அதனாலேயே அதனை முதலிற் குறிப்பிட்டேன்.

வாசற்பலகை

கோட்டைக்குள் இருக்கும் பெரிய விடுதியொன்றில் முதலில் விசாரித்தேன். ஓர் இரவுக்கு அவர்கள் சொன்ன தொகை என் மாதச் சம்பளத்திற் பெரும் பங்கை விழுங்கக் கூடியதாயிருந்தது. பின்னர், காலி ஆசிரிய நண்பர் ஒருவரின் உதவியால் உள்வீதியொன்றிலிருந்த பழைய வீட்டில் அறை கிடைத்தது. வாசலில் ஒரு சிறு பலகை தொங்கிற்று. படுக்கையுங் காலையுணவுங் கிடைக்கும் என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது.

வீதியோரத்தில் மரத்தூண்கள் தாங்கிய விறாந்தை; அதனையடுத்து அகன்ற கூடம்; கூடத்தின் இருமருங்கிலும் அறைகள்; பின்னால் இன்னொரு விறாந்தை; அதற்கப்பால் வானம் பார்த்த முற்றமுங் கிணறும். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர்கள் ஒரு முழத்திலும் கூடிய தடிப்புடையன. கூரையிற் பீலி ஓடு. ஒல்லாந்தர் காலத்து அமைப்பு. பின்வந்தோர் காலந்தோறும் திருத்திய திருத்தங்கள். நாற்சார் வீட்டிற் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த முற்றத்தைக் கண்டதும் அந்நியமான ஊருக்கு வந்துவிட்டோம் என்ற எண்ணம் அகன்றது.

வீட்டுக்காரர் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு முஸ்லிம் மாது. கணவரை இழந்தவர். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகள் இருவரும் அவருடன் வாழ்கின்றனர். முன்பக்கத்து மூன்று அறைகளும் விருந்தினருக்கு. பின்பக்கத்து இரண்டு அறைகள் குடும்பத்துக்கு. எனக்குத் தந்த அறையின் மூலையில் ஒரு பெரிய மரப்பெட்டகம் இருந்தது. அதனை நான் வியந்து பார்ப்பதைக் கண்ட அம்மையார், "அது உம்மாட பெட்டகம் மாஸ்டர். நாங்க ஏழு பேரும் பொறந்தது இந்த அறையிலதான். இப்ப நாங்க இதுக்குள்ள வாறது கட்டில் விரிப்பு மாத்த மட்டுந்தான்" என்றார்.

அவர் அதனைக் குறையாகச் சொல்லவில்லை. நகைத்துக்கொண்டே சொன்னார். ஆயினும் அன்றிரவு அக்கட்டிலிற் படுத்தபோது, பிறர் வீட்டின் நடுவிடத்தை நான் பணங்கொடுத்துப் பிடித்துக்கொண்டேனோ என்ற கூச்சம் எனக்கு ஏற்பட்டது.

வறுமை காத்த வீடுகள்

இக்கோட்டையின் வரலாற்றை ஆசிரியர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1344 இல் இலங்கைக்கு வந்த இபுனு பதூதா காலியை ஒரு சிறு நகரெனக் குறித்துச் சென்றார். 1588 அளவிற் போர்த்துக்கேயர் இங்கு அரணமைத்தனர். 1640 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றி, கடல்முனை முழுவதையும் மதிலால் வளைத்தனர். 1669 என்ற ஆண்டும் அவர்தம் கம்பனியின் இலச்சினையும் பொறித்த பழைய வாயில் இன்றும் உண்டு. 1796 இல் ஆங்கிலேயர் வந்தனர். போக்குவரத்துக்கென 1873 இல் இன்னொரு வாயிலைத் திறந்தனர்.

அப்புதிய வாயில் திறந்த காலத்திலேயே காலியின் நல்வினை முடிவை நெருங்கியது என்பது வரலாற்றின் வேடிக்கை. 1875 இற் கொழும்பில் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அவ்வணை வளர வளர நீராவிக் கப்பல்கள் காலியைக் கைவிட்டன. கப்பலை நம்பி வாழ்ந்த நகரம் சோர்ந்தது.

பழைய வீடுகள் இன்றளவும் நிலைத்தமைக்கு முதற்காரணம் இச்சோர்வே என நான் கருதுகின்றேன. செல்வங் கொழித்த நகரங்கள் தம் பழைய வீடுகளைத் தாமே இடித்து மாடிகளை எழுப்பிக்கொண்டன. காலிக் கோட்டையாருக்கு இடித்துக் கட்டும் வசதி பெரிதும் இருக்கவில்லை. ஓடு உடைந்தால் ஓடு மாற்றினர்; சுண்ணாம்பு உதிர்ந்தாற் சுண்ணாம்பு பூசினர். முஸ்லிம்கள், சிங்களவர், பறங்கியர் எனப் பல சமூகத்தாரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். இரத்தின வணிகமும், பெண்கள் வீட்டிலிருந்து பின்னிய சரிகைப் பின்னலும், அரசாங்க உத்தியோகமும் அவர்களைத் தாங்கின. என் வீட்டுக்கார அம்மையாரின் தந்தையார் இரத்தினம் விற்றவர். தாயார் பின்னல் பின்னியவர். எவரும் மரபுரிமையைக் காக்கின்றோம் என எண்ணி அங்கு வாழ்ந்ததில்லை. வாழ்ந்தனர், அதனால் வீடுகள் காக்கப்பட்டன.

1988 இல் யுனெஸ்கோ நிறுவனம் கோட்டையையும் அதனுட்பட்ட பழைய நகரையும் உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டது. 1994 இற் காலி மரபுரிமை மன்றத்திற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாட் கடற்கோளின்போது மதிலுக்கு வெளியே இருந்த நகரம் அழிவுற, மதிலுக்குள் இருந்தோர் பெரும்பாலும் தப்பினர். 2011 இல் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை காலிவரை திறக்கப்பட்டதும், முன்னர் மூன்று மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட கொழும்புப் பயணம் பெரிதுங் குறுகிற்று. கப்பல்கள் கைவிட்டுச் சென்ற செல்வம் மோட்டார் வண்டியில் ஏறித் திரும்பி வந்தது.

ஆகவே, காலிக் கோட்டையை இன்று எதிர்நோக்கும் கேள்வி இது: வறுமை காத்த வீடுகளைச் செல்வம் காக்குமா?

கடிதவுறை தேடிய மாலை

முதல் நாட் கருத்தரங்கு முடிந்த மாலையில், தமையனாருக்கு மறுமொழி எழுதுவோம் என்ற எண்ணத்துடன் கடிதவுறையொன்று வாங்கப் புறப்பட்டேன். கோட்டை சிறியது. ஒரு மதிலிலிருந்து மறு மதிலுக்குக் கால்மணி நேரத்தில் நடந்துவிடலாம். 1755 இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயத்தின் வழியாகவும், 1939 இற் கட்டிய வெளிச்சவீட்டுக்கு எதிரே நிற்கும் பள்ளிவாசலின் வழியாகவும் நடந்தேன்.

நான் நடந்த மூன்று வீதிகளில் நீலக்கற்கள் இருந்தன. வெள்ளி நகைகள் இருந்தன. முகமூடிகளும், இத்தாலிய முறையிற் செய்த பனிக்கூழும், பழையது போலப் புதிதாகச் செய்த நாற்காலிகளும் இருந்தன. கடிதவுறை இருக்கவில்லை. ஒரு தேங்காய், ஒரு கட்டு விளக்குத்திரி, பிள்ளைக்கு ஓர் அப்பியாசக் கொப்பி ஆகியனவும் என் கண்ணிற் படவில்லை. ஈற்றில் வாயிலைக் கடந்து நகருக்குச் சென்றே உறையை வாங்கினேன்.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. வீதி விளக்குகள் அழகாக எரிந்தன. ஆயினும் பல வீடுகளின் சன்னல்களில் ஒளியில்லை. அம்மையாரின் மகனிடம் இதுபற்றிக் கேட்டேன். "அது பூட்டிய வீடுகள் சேர். உரிமைக்காரர் வருசத்தில ரெண்டு கிழமை வருவார். மற்ற நாளெல்லாம் காவற்காரர் மட்டுந்தான்" என்றார். "எங்கட ஸ்கூல் காலத்தில இந்த வீதியில கிரிக்கெட் விளையாட ரெண்டு பக்கமும் ஆள் சேரும். இப்ப என்ட மகனுக்குப் பந்து போட நான்தான் போகணும்."

ஒரு வீதி தன் பிள்ளைகளை இழந்துவிட்டதை அளக்க இதனிலும் நுண்ணிய அளவுகோல் எனக்குத் தெரியாது.

காலையுணவு மேசையில்

மறுநாட் காலை பின்விறாந்தையிற் காலையுணவு. இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், முட்டை ஆணம். இன்னோர் அறையிற் தங்கியிருந்த செர்மானியத் தம்பதியர் முன்னரே உண்டு சென்றுவிட்டனர். வேறு விருந்தினர் இல்லாமையால் அம்மையார் மேசையருகே அமர்ந்து நெடுநேரம் உரையாடினார்.

பலகையை மாட்டிப் பதினைந்து ஆண்டுக்கு மேலாகின்றதாம். கணவர் நோயுற்றபோது ஓர் அறையை வாடகைக்கு விட்டார்கள், பின்னர் இரண்டு, பின்னர் மூன்று. 2018 இல் நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகளின் தொகை 23 இலட்சத்தைக் கடந்தது. அவ்வாண்டு வந்த பணத்திலே கூரையின் முன்பாதியைத் திருத்தினர். 2019 ஏப்ரில் 21 இற் குண்டுகள் வெடித்தன. "அதுக்குப் பொறகு ஒரு மாசம் ஒருத்தரும் வரல்ல மாஸ்டர். வந்த ஒண்டு ரெண்டு பேரும் என்ட முக்காட்டைப் பாத்திட்டு மற்றப் பக்கம் திரும்பினாங்க" என்று சொல்லிவிட்டு அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் கொள்ளைநோய் வந்தது. 2021 இல் வந்த பயணிகள் இரண்டு இலட்சம்பேர் கூட இல்லை. 2022 இல் எரிபொருளும் எரிவாயுவும் அருகிய நாளில் விருந்தினருக்குத் தேநீர் வைக்கவும் விறகு தேட வேண்டியிருந்தது. 2024 இற் பயணிகள் தொகை மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. ஆனாற் கூரையின் பின்பாதி இன்னுந் திருத்தப்படவில்லை.

கூரை திருத்துவதும் எளிதன்று. மரபுரிமைத் தலமாதலால் எதனைத் தொடுவதற்கும் அனுமதி வேண்டும். ஓட்டின் வகை, முகப்பின் தோற்றம், கட்டடத்தின் உயரம் ஆகிய யாவும் விதிக்கமைய வேண்டும். கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னும். பழைய சுவருக்குச் சீமெந்து ஒவ்வாது. சுண்ணாம்புச் சாந்து அறிந்த கொத்தனார் அரியராகிவிட்டனர். இவற்றையெல்லாம் அம்மையார் குறைகூறாமலே விளக்கினார். விதிகள் வேண்டியவை என்பதே அவர் எண்ணம். "விதி இல்லாட்டிப் பக்கத்து வீட்டில நாலு மாடி எழும்பியிருக்கும்" என்றார்.

அவர்தம் இடர்ப்பாடு வேறிடத்தில் இருந்தது. வீடு தாயாரின் பெயரில் உள்ளது. தாயார் இறந்துவிட்டார். பிள்ளைகள் எழுவர். இருவர் காலமாகி, அவர்கள் பங்கு அவர்தம் பிள்ளைகளிடம் சென்றுள்ளது. ஒருவர் அவுஸ்திரேலியாவில், மற்றையோர் தெகிவளையிலும் பேருவளையிலும். கோட்டை வீட்டுக்கு இன்று சொல்லப்படும் விலை அவர்களுள் எவரும் தம் வாழ்நாளிற் காணாத தொகை. வாங்குவதற்குக் கொழும்பிலிருந்து ஒருவர் காத்திருக்கின்றார். மூன்று அறைகளின் வருவாய் குடும்பத்தைக் காக்கும். கூரையையும் மெல்ல மெல்லக் காக்கும். ஆனால் ஆறு பங்குகளை வாங்க அது எத்தலைமுறையிலும் போதாது.

"உங்கள் சகோதரர்கள் வற்புறுத்துகின்றார்களா?" என்று கேட்டேன்.

"அவங்க நல்லவங்க மாஸ்டர். அஞ்சு வருசமாப் பொறுத்திக்கிறாங்க. அவங்கட பிள்ளைகளுக்கும் வீடு வேணுந்தானே. நான் இருக்கிறதுக்காக அவங்க எத்தின காலம் பொறுக்கிற?"

என் கைப்பையிற் கிடந்த கடிதம் அப்பொழுது நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்து வீட்டில் இருப்பவன் நான். பொறுத்திருப்பவர் தமையனார். அக்கடிதத்தை அன்றுவரை ஒரு தொந்தரவாகவே நான் கருதி வந்தேன். அதில் ஒரு நியாயமும் இருக்கக் கூடும் என்பது காலியில், பிறர் வீட்டு மேசையிலேயே எனக்குப் புலப்பட்டது.

மதிலைக் காக்குஞ் சட்டம்

காலிக் கோட்டையைப் பற்றி இருவகைக் கூற்றுக்கள் வழங்குகின்றன. உல்லாசப் பயணத் தொழில் கோட்டையைக் கெடுத்துவிட்டது என்பார் ஒரு சாரார். அத்தொழில் இல்லாவிடின் வீடுகள் இடிந்து விழுந்திருக்கும் என்பார் மறு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டும் எல்லா வீடுகளையும் ஒன்றாகக் கொள்வதே குறை.

கோட்டையில் இன்று மூவகை வீடுகளைக் காண்கின்றோம். முதலாவது, வீட்டார் வாழ்ந்துகொண்டே ஓரிரு அறைகளை விருந்தினருக்கு அளிக்கும் வீடு. இரண்டாவது, வீட்டார் வெளியேறிய பின் விடுதியாகவோ கடையாகவோ நடத்தப்படும் வீடு. மூன்றாவது, வாங்கியவர் வராமையாற் பூட்டிக் கிடக்கும் வீடு. பயணி கண்ணுக்கு மூன்றும் ஒரே முகப்புடையன. சட்டத்தின் கண்ணுக்கும் அவ்வாறே. உயரமும் ஓடும் சரியாயின் மூன்றுஞ் சட்டத்துக்கு உடன்பட்டவையே.

இரண்டாம் வகையினர் அனைவரையும் பழித்தல் முறையன்று. சிதைந்து கிடந்த வீடுகளை வாங்கி, அறிவோடும் பொருளோடும் திருத்தியவர்கள் அவர்களுள் உளர், வெளிநாட்டவரும் உளர். அவர்கள் திருத்தியிராவிடின் சில கூரைகள் இன்று இல்லை. ஆயினும் ஒரு வீதியில் அவ்வகை வீடு ஒன்றிருத்தல் வேறு. ஒன்றொழிய எல்லாம் அவ்வகையாதல் வேறு. தேங்காய் விற்கும் கடை முதலில் மறையும். பின்னர் பிள்ளைகள் மறைவர். பின்னர் பள்ளிவாசலிலும் விகாரையிலும் தேவாலயத்திலும் வரிசைகள் குறுகும். இறுதியில் எஞ்சுவது காலி என்னும் நகரைப் பற்றிய ஒரு பொருட்காட்சி.

நமது சட்டங்கள் இதுவரை இரண்டு கேள்விகளைக் கேட்டுள்ளன. வீட்டின் வடிவம் மாறுகின்றதா என்பது ஒன்று. வாங்குபவர் அந்நியரா என்பது மற்றொன்று. வெளிநாட்டவர் காணி வாங்குவதை வரியாலும், பின்னர் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தாலும் அரசு கட்டுப்படுத்தியது, விலக்குகளும் வைத்தது. மூன்றாவது கேள்வியொன்றுண்டு: வாங்குபவர் அங்கு வாழ்வாரா? பூட்டிய வீட்டின் உரிமையாளர் கொழும்பில் இருந்தாலென்ன, இலண்டனில் இருந்தாலென்ன, அவ்வீதியிற் பந்து விளையாடும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே. இக்கேள்வியை எச்சட்டமும் அழுத்தமாகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

தேசவழமை தரும் ஒரு குறிப்பு

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தவனான எனக்கு ஒன்று நினைவுக்கு வருகின்றது. காலியிற் சுவரெழுப்பிய அதே ஒல்லாந்தர், 1707 இல் யாழ்ப்பாணத்து வழமைகளைத் தொகுப்பித்தனர். அதுவே தேசவழமை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை அது வகுக்கின்றது. முன்னோரிடமிருந்து வந்தது முதுசம். காணியை விற்க முற்படுவோன் முதலிற் பங்காளிகளுக்கும் உரித்தாளருக்கும் அறிவித்தல் வேண்டும் என்பதும், அவர்கள் உரிய விலைக்கு வாங்க விரும்பின் பிறருக்கு விற்கலாகாது என்பதும் அதன் பழைய விதிகளுள் ஒன்று. 1947 இல் அது தனிச் சட்டமாகவும் இயற்றப்பட்டது.

இவ்விதியைக் காலிக்கு அவ்வாறே கொண்டுசெல்ல வேண்டுமென்று நான் கூறவில்லை. அங்குள்ள முஸ்லிம்களின் உரிமைவழிக்கு அவர்தம் மார்க்க முறையும் அதனை ஏற்கும் சட்டமும் உண்டு. சிங்களவருக்கு வேறு சட்டமுண்டு. நான் எடுத்துக்கொள்வது அதன் உட்கருத்தை. விற்கும் உரிமையை அது மறுக்கவில்லை, விலையையுங் குறைக்கவில்லை. வாழ்பவனுக்கு முதல் வாய்ப்பை அளிக்கின்றது. அவ்வளவே.

ஆயினும் வாய்ப்பு மட்டும் போதாது. பணமில்லாதவனுக்கு முதலில் வாங்கும் உரிமை வெறுங் கடதாசி. யாழ்ப்பாணத்திலும் இவ்விதி எல்லா வீடுகளையுங் காத்துவிடவில்லை. எனவே உரிமையோடு கடனும் வேண்டும். உலக மரபுரிமைத் தலத்திற் பிறந்து அங்கேயே வாழும் ஒரு குடும்பம், தன் சகோதரரின் பங்குகளை வாங்குவதற்கென நீண்டகாலக் குறைவட்டிக் கடனை அரசு வங்கிகள் அளிக்கலாம். வீட்டார் வாழ்தலையே அக்கடனின் நிபந்தனையாக்கலாம். வீட்டார் வாழும் தங்குமனைக்கும், வெறும் வணிகமாக நடக்கும் விடுதிக்கும் நகரசபை வரியில் வேறுபாடு காட்டலாம். கோட்டையின் பெயரைக் கொண்டு ஈட்டும் வருவாயின் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்குவது அநீதியாகாது. அப்பெயரை ஈட்டிக் கொடுத்தவர்களுள் அவ்வீட்டாரும் அடங்குவர்.

இதற்கு மறுப்புக்கள் உண்டு. கோட்டை வீடுகளின் இன்றைய விலைக்கு எக்கடனும் ஈடாகாது என்பர். வறிய மலைநாட்டு லயன்களில் கூரை ஒழுகுகையில், காலியில் மாளிகைக்குக் கடனா என்றும் கேட்பர். இரண்டாவது கேள்விக்கு மறுமொழி சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கின்றது. அது நியாயமான கேள்வி. லயத்திற்கு முதலிடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு நாடு தன் மரபுரிமையை உலகுக்குக் காட்டி அந்நியச் செலாவணி ஈட்டும்போது, அந்த ஈட்டத்தில் ஒரு பங்கைப் பற்றியே நான் பேசுகின்றேன். லயத்துக்குரிய பங்கைப் பற்றியன்று.

மதகை மூடிய கல்

திரும்பும் வழியிற் கொழும்பு நூதனசாலைக்குச் சென்றேன். மும்மொழிக் கல்வெட்டை மீண்டுமொருமுறை பார்க்க விரும்பினேன். சீனக் கடற்றளபதி செங் ஹோ கொணர்ந்த கல் அது. 1409 ஆம் ஆண்டுக்குரியது. சீனத்திற் புத்தருக்கும், தமிழிற் தேவேந்திரமுனைக் கோயிலின் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கைகள் கூறப்பட்டுள்ளன. ஒரே கல்லில் மூன்று மொழியும் மூன்று வழிபாடும் அமைந்தமை பற்றி நாம் மேடைகளிற் பெருமையாகப் பேசுவதுண்டு.

அக்கல் கிடைத்த விதத்தை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1911 இற் காலி நகரில் ஒரு மதகை மூடுங் கல்லாக அது கண்டெடுக்கப்பட்டது. வண்டிகளும் மனிதரும் அதன்மேற் போய்வந்தனர். ஒருவகையில் அப்பயன்பாடே அதனைக் காத்தது என்னலாம். மதகுக்கு உதவாத எத்தனையோ கற்கள் உடைபட்டுப் போயிருக்கும். ஆயினும் மதகின்மேற் கிடந்தவரை அது எவருக்கும் எதையுஞ் சொல்லவில்லை.

காலிக் கோட்டை வீடுகளை எண்ணுகையில் இக்கல்லே என் மனத்தில் நிற்கின்றது. பயன்பாடின்றி எப்பழம்பொருளும் நில்லாது. வீட்டில் விருந்தினரை ஏற்றல் அதற்கு இழிவுமன்று. விறாந்தை தோன்றிய நாள் முதல் அதன் தொழிலே அதுதான். ஆனால் எப்பயன்பாட்டில் வைத்தால் அது காக்கவும் படும், வாசிக்கவும் படும் என்பதே வினா. அம்மையாரின் வீட்டிற் தங்கியவனுக்குப் பெட்டகம் உம்மாவின் பெட்டகமாக இருக்கும். அவர் வெளியேறிய பின் அதே அறையில், அதே இடத்தில் அப்பெட்டகம் இருக்கலாம், மெருகும் ஏறியிருக்கலாம். அப்பொழுது அது ஒரு பழைய மரப்பெட்டி.

மரபுரிமை என்ற சொல்லை நாம் அரசாங்க அறிக்கைகளிலிருந்து பெற்றோம். முதுசம் என்ற சொல்லை எங்கள் பாட்டிமாரிடமிருந்து பெற்றோம். முன்னையது உலகத்தாருக்கு உரியது. பின்னையதற்குப் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய உரித்தாளர் உண்டு, அவர்களிடையே பங்குண்டு, பிணக்குமுண்டு. பின்னையது அழிந்தபின் முன்னையதை மட்டும் வைத்துக் காத்தல் இயலும் என எண்ணுவோர் காலியில் இன்னும் பத்தாண்டு கழித்து ஓர் இரவு தங்கிப் பார்க்கட்டும்.

புறப்படும் காலையில் அம்மையாரிடம் விடைபெற்றேன். "அடுத்த முறை மாணவர்களையும் அழைத்து வருகின்றேன், அம்மா" என்றேன். "வாங்கோ மாஸ்டர். நாங்க ஈந்தா வாங்கோ" என்றார். அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

காலியில் வாங்கிய உறை இன்றும் என் மேசையில் இருக்கின்றது. விற்கலாம் என்றும் எழுதவில்லை; விற்கலாகாது என்றும் எழுதவில்லை. சென்ற வாரந் தமையனாரைத் தொலைபேசியில் அழைத்தேன். வீட்டின் விலையைப் பற்றிப் பேசுமுன், அவர் பிறந்த அறை எதுவெனக் கேட்டேன். சிறிது நேரம் மறுமுனையில் ஓசையில்லை. பின்னர், கிழக்கு அறை என்றார். அதன் நிலைப்படியில் ஒரு வெடிப்பு இருந்ததே, இன்னும் இருக்கின்றதா என்று கேட்டார். இருக்கின்றது என்றேன். அதற்குமேல் அன்று நாங்கள் விலை பேசவில்லை. ஆனால் பேசத்தான் வேண்டும். அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கின்றார்கள்.